யாத்திரையின் கடைசி நாள்

வனவிலங்குகளைக் காண முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர், முதல் நாட்களில் புலியைத் தவிர வேறொன்றையும் பார்க்கச் சம்மதியாமல், எதிரே நிற்கும் மானை "மான்தானே!" என்று அலட்சியம் செய்துவிட்டு, கடைசி நாளன்று, இனிப் புலி வராது என்று மனம் சமாதானமடைந்த பிறகே, அந்த மான் காதைச் சிலுப்பி ஈ விரட்டுவதைச் சாவதானமாகக் கவனிக்கிறார்கள். அந்தக் கடைசி நாளின் மனோபாவத்தோடு சென்னைவாசிகள் கிண்டியையும் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இவ்வனத்தின் விஸ்தீரணம் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். ஆளுநர் மாளிகையும் ஐ.ஐ.டி.யும் அதற்கு அண்டை வீடுகள். உள்வனத்தில் இஷ்டம்போல் புக முடியாது, அதுவும் நல்லதே. அங்கே, புதர்க்காட்டின் நடுவே போலோ மைதானம் என்று வழங்கும் புல்வெளியில் வெளிமான்கள் மேய்கின்றன. முதிர்ந்த ஆணுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெண்மை, கொம்பு திருகியது. பெண்ணுக்கோ கொம்பே இல்லை, நிறமும் மங்கிய பழுப்பு. புள்ளிமான் புதரோர நிழலை நாடும். வெளிமானோ, சத்துருவைத் தூரத்திலேயே கண்டு ஓட்டத்தினால் தப்பும் ஜாதியாகையால், நாற்புறமும் பார்வை செல்லும் வெட்டவெளியை விரும்புவது. புதர் மண்டி அந்த வெளி குறுகிக்கொண்டே போனால், சுற்றுச்சுவரை எத்தனை உயர்த்தினாலும் அதற்குப் பிரயோஜனமில்லை.