கல்லாவை விட்டு எழுந்து வாருங்கள்

திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு அருகே, செங்கல்லில் சுருண்டு எழும் வட்டக் கட்டடம் ஒன்று இருக்கிறது. லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே போய் உட்காருங்கள். சரிந்து ஏறும் தளத்தில் விசிறித் தலைப்பாகையோடு மசால் தோசை கொண்டுவருகிறார்களே, அந்தத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம்தான் இதை நடத்துகிறது. தனி முதலாளி என்று ஒருவர் இல்லை.

1950களில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களைத் திரட்டியவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன். கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்பதே அவர் காட்டிய வழி. 1958இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை திறந்தது. அதுவரை காபி கலக்கியவர்களும் மேசை துடைத்தவர்களும் கொள்முதல் பார்த்தார்கள், கணக்கு எழுதினார்கள், ஊர் ஊராகக் கிளை திறந்தார்கள். வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர்களுக்கே அது முடிந்தது!

சாலைக் கடைத்தெருவில் பத்து வருடமாக ஒரே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நண்பரே, உங்கள் கடைப் பையன்களால் மட்டும் ஏன் முடியாது? "நான் இல்லாவிட்டால் கடை ஓடாது" என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, உங்கள் இரண்டாவது கடையைத் திறக்கவிடாமல் தடுப்பதே அந்தப் பெருமைதான். காய்ச்சல் வந்தாலும் கடை, தங்கை வீட்டுக் கல்யாணத்திலும் கையில் போன். இதற்காகவா கடன் வாங்கித் தொழில் தொடங்கினீர்கள்?

வேலையை மட்டும் கொடுத்துவிட்டு முடிவை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவரிடம் கொள்முதலை முழுதாக ஒப்படையுங்கள். இவ்வளவு ரூபாய் வரை உன் முடிவு, அதற்கு மேல் என்னைக் கேள் என்று வரம்பு சொல்லுங்கள். இரவில் கணக்கைப் பாருங்கள். பகலில் அவர் தோளுக்குப் பின்னால் நிற்காதீர்கள். வாடிக்கையாளர் முன்னால் அவர் சொன்ன விலையை மாற்றவே மாற்றாதீர்கள். அப்படி ஒரு முறை மாற்றினாலும் அவர் மறுபடி எடுபிடி ஆகிவிடுவார்.

தவறு வரும். கூடுதலாக வாங்கிய தக்காளி அழுகும். அந்த நஷ்டத்தைப் பயிற்சிச் செலவு என்று எழுதிவிட்டு, மறுநாளும் அவரையே சந்தைக்கு அனுப்புங்கள். அந்த நெஞ்சுரம் உங்களுக்கு இருக்கிறது; கையில் காசில்லாமல் கடை திறந்தவர் நீங்கள்!

நாளைக் காலைக் கொள்முதலுக்கு யார் போவது? அந்தப் பெயரை இன்றே முடிவுசெய்து, பணத்தை எண்ணி அவர் கையில் கொடுங்கள்.