விழுங்கியும் தீராத மை

பச்சை குத்திக்கொண்டவர்களிடம் கேட்டால், மை தோலுக்குள்ள போய் ஒட்டிக்கிச்சு என்பார்கள், சுவரில் பூசிய சாயம் மாதிரி. ஆனால் மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை தன்னையே உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கிறது. அங்கே நின்ற மை அதோடு உதிர்ந்துவிடும். அதனால்தான் ஊசி இன்னும் ஆழமாக, அடித்தோல் வரை இறங்குகிறது.

அங்கே உடம்பு மையை அந்நியனாகப் பார்க்கிறது. மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் ஓடிவந்து துகள்களை விழுங்குகின்றன. கிருமியென்றால் செரித்துவிடும். மையைச் செரிக்க முடியாது. வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன. நாம் பார்க்கிற படம் பெரும்பாலும் இவைதான்.

இந்த அணுக்களும் சாகும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளின் வாலில் பச்சை குத்தி, மை சுமந்த விழுங்கணுக்களை வேண்டுமென்றே கொன்று பார்த்தார்கள். சிந்திய மையைப் புதிதாக வந்த அணுக்கள் திரும்ப விழுங்கின. படம் அப்படியே இருந்தது. சர்வர்களோடு வேலை செய்பவனுக்கு இது ஆச்சரியமில்லை. ஹார்ட் டிஸ்க்குகள் வரிசையாகச் சாகும், தரவு கைமாறிக்கொண்டே இருக்கும்.

அழிக்கப் பார்க்கிற வேலையே காப்பாற்றுகிற வேலையாகிவிடுகிறது. காதல், நினைவு என்று இதை உருவகமாக்கிக் கவிதை எழுதிவிடலாம்தான். (எழுதியும் இருப்பார்கள்.) ஆனால் எல்லா மையும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது கிடையாது.

கம்பெனி ஆட்சியில், வங்காளத்தில் ஆயுள் தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். கோத்னா என்று பெயர். 1825 முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது. 1849இல் அந்தத் தண்டனையைச் சட்டம் நீக்கியது. ஏற்கெனவே குத்தப்பட்டவர்களின் நெற்றியிலிருந்த விழுங்கணுக்களுக்கு அதை யார் போய்ச் சொல்வது?

அரசு கைதியைக் காக்கும் அணுக்களையே தன் குமாஸ்தாவாக வைத்துக்கொண்டது. திரும்ப எடுக்க முடியாத தண்டனையை ஒருவருக்குக் கொடுக்கலாமா? சிறையில் போன பத்து வருஷமும்தான் திரும்பி வராது என்று நண்பர் ஒருவர் மடக்கினார். உண்மை. ஆனால் அந்தப் பத்து வருஷம் ஒரு நாள் முடியும். நெற்றி மை, எதிரே வருகிற ஒவ்வொரு புது மனிதரிடமும் வழக்கை முதலிலிருந்து தொடங்குகிறது. மன்னிக்க நினைக்கிற அரசும் அதை நிறுத்த முடியாது. தன் மன்னிப்பையும் சேர்த்தே அது அன்று குத்திப் புதைத்துவிட்டது.

இதே தர்க்கத்தை நீட்டினால், வலுக்கட்டாயமான மையை அழிப்பதுதான் நியாயம் என்று தோன்றும். ப்ரீமோ லெவி அங்கே இடறுகிறார். ஆஷ்விட்ஸில் அவர் கையில் குத்திய எண் 174517. போருக்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் அதை அவர் அகற்றிக்கொள்ளவில்லை. மறைக்கவும் இல்லை, காட்டித் திரியவும் இல்லை. டூரினில் அவர் கல்லறையிலும் அந்த எண் இருக்கிறது. எழுதியவன் குற்றவாளியாகிவிட்டதால், அந்த எண் சாட்சியாக மாறியது. கோத்னா சுமந்தவர்களுக்கு அந்தத் திருப்பம் வாய்க்கவில்லை. அவர்களில் சிலர் தலைப்பாகையை நெற்றிக்கு இறக்கிக் கட்டிக்கொண்டார்கள்.