வருமுன் காத்தலும் கொல்லாமையே

பெரும்புயலில் ஊர் அழிந்தபின், "எல்லாம் வினைப்பயன்" என்று கூறி அமைவது நம்மிடையே உள்ள வழக்கம். துன்புற்றோர்க்கு உணவும் உடையும் அளிக்க நாம் தயங்குவதில்லை. ஆயினும், தடுத்திருக்கக்கூடிய சாவையும் வினையின்மேல் ஏற்றுதல் அறமாகுமா?

வங்கதேசத்தை நோக்குவோம். அது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த காலத்தில், 1970 நவம்பர் 12 அன்று, போலாப் புயல் எழுப்பிய கடற்பெருக்கில் ஏறத்தாழ 3 இலட்சம் பேருக்குமேல் மாண்டனர். புயல் வருவது முன்பே அறியப்பட்டிருந்தது. ஆனால் கழிமுகத் தீவுகளின் குடிசைகளுக்கு அச்செய்தி உரிய முறையில் சென்று சேரவில்லை. ஏறி நிற்க மேட்டிடமும் போதவில்லை.

1972-இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஊர்த் தொண்டர்கள் கொடி ஏற்றியும் ஒலிபெருக்கியில் கூவியும் மக்களை எச்சரிக்கலாயினர். ஆனால் புகலிடங்கள் போதாமையால் 1991 ஏப்ரலில் சுமார் 1,38,000 உயிர்கள் பிரிந்தன. அதன்பின் புகலிடங்கள் பெருகின. 2007 நவம்பரில் கடும் வலிமையுடன் சித்ர் புயல் தாக்கியபோது இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். சுந்தரவனக் காடும் அலையை ஓரளவு தாங்கியது; எனினும் முன்கூட்டியே மக்களை வெளியேற்றியதே பல்லாயிரவரைக் காத்தது.

மாடுகளை விட்டுவர மனமின்றி வீட்டிலேயே தங்கி இறந்தோரும் அங்கு உண்டு. ஆதலால் கால்நடைகள் ஏறி நிற்பதற்கென்றே 'கில்லா' எனும் மண்மேடுகளும் அமைக்கப்பட்டன. வாயில்லா உயிர்க்கு இடம் அளித்தது, அதனை வளர்த்தவர் உயிரையும் காக்க உதவியது.

நம் முனிவர் நான்கு முழ நிலத்தை முன்னே நோக்கியே அடியெடுத்து வைப்பர். எறும்பை மிதித்தபின் வருந்துவதினும், மிதியாதபடி பார்த்து நடப்பதே கொல்லாமை. முன்வினை பயன் தரலாம். ஆனால் அறிந்தும் வாளாவிருக்கும் சோர்வு, இன்று நாமே ஈட்டும் புதுவினையாகும்.

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களை வெள்ளத்தில் ஆழ்த்தியதை நாம் மறந்திருக்க இயலாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்பே ஊர்கூடி, மேட்டிடம் எது, தனித்து வாழும் முதியோரை அழைத்து வருபவர் யார், தொழுவத்து மாடுகளை அவிழ்த்து ஓட்டுபவர் யார் என்று வரையறுத்துக்கொள்வோமாக. பின்னர் வழங்கும் தானத்தினும் இவ்வொரு மாலைக் கூட்டம் மிகுதியான உயிர்களைக் காக்கும்.