நாவும் நாணமும்

கோல சிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பொழுது புலர்வதற்கு முன்னரே மணி ஒலிக்கும். லயத்து வீடுகளில் விளக்குகள் ஏற்றப்படும். வாளியும் உளியுமாக ஆணும் பெண்ணும் ‘பெரட்டு’க்கு விரைவர். கிராணி பேர்வாசிக்க, மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பார். எவருக்கேனும் காய்ச்சல் என்றால் ‘டிரசர்’ ஐயாவிடம் அனுப்பப்படுவார். இச்சிறு காட்சிக்குள் எத்தனை நாட்டுச் சொற்கள் கலந்து கிடக்கின்றன! படைவீரர்களின் அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே பெரட்டு ஆயிற்று என்பர். வரிசை வீடுகளைக் குறித்த ‘லைன்’ என்பது லயன் ஆகி, லயம் ஆகி, இசைநூலார் போற்றும் சொல்லோடு உருவில் ஒன்றி நிற்கிறது. புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்னும் பொருளுடைய ‘டிரெஸ்ஸர்’, தோட்டத்து மருத்துவ உதவியாளர்க்குப் பட்டமாகிவிட்டது. ரப்பர்ப்பால் வழியும் கிண்ணமோ மலாய்மொழியின் ‘மங்குக்’ தந்த ‘மங்கு’.

இச்சொற்களைச் சொன்ன பாட்டாளிகள் தாம் தவறு செய்வதாக ஒருநாளும் எண்ணியதில்லை. தவறென்று அவர்களுக்கு உணர்த்தியது பிறருடைய சிரிப்பே. ‘ஆப்பீசு’ என்றவுடன் பலகணிக்கு அப்பால் எழுந்த புன்னகையும், ‘இஸ்கூல்’ என்று சொன்ன சிறுவனைச் சுற்றிப் பட்டணத்துப் பள்ளியில் எழுந்த நகையொலியும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கின்றன. வேற்றுமொழிச் சொல்லைத் தன் தாய்மொழியின் வாயால் உச்சரிப்பது குற்றமா? குற்றமெனில் அது நாவின் குற்றமா, அதைக் கேட்டு நகைக்கும் செவியின் குற்றமா?

தமிழாசிரியர்க்கு இக்கேள்வி புதிதன்று. வடமொழிச் சொற்கள் தமிழில் புகும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டுமெனத் தொல்காப்பியர் எச்சவியலில் விதித்தார். ர, ல, ய என்னும் எழுத்துகளை முதலாகவுடைய வடசொற்கள் முன்னே ஓர் உயிரைப் பெற்று நடக்கும் முறையைப் பவணந்தியார் நன்னூலில் வகுத்துரைத்தார். அவ்வழியே இராமனும் உலோகமும் தமிழாயின. அதே நாக்கு ‘ஸ்கூல்’ என்னும் சொல்லைச் சந்தித்தபோது முன்னே ஓர் இகரத்தை இட்டு ‘இஸ்கூல்’ என்றது. இலக்கணம் கல்லாத பால்வெட்டுத் தொழிலாளியின் நாவில் இலக்கணத்தின் உள்ளியல்பு உயிரோடிருந்தது என்பதன்றி இதில் வேறென்ன பிழை உண்டு?

தமிழ்நாக்கு மட்டும்தான் இவ்வாறு செய்கிறதா எனில், அன்று. இலத்தீன் மொழியின் ‘ஸ்கோலா’ ஸ்பானியர் வாயில் ‘எஸ்க்குவேலா’ ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் வாயில் சகரமும் தேய்ந்து ‘எக்கோல்’ ஆயிற்று. தொடக்கத்தில் நிற்கும் மெய்க்கூட்டத்தைத் தாங்கமாட்டாமல் ஓர் உயிரைத் துணைக்கழைத்தது அங்கும் இங்கும் ஒன்றே. ‘எஸ்டேட்’ என்னும் சொல்லின் முன்னே நிற்கும் எகரமும் பழைய பிரெஞ்சு நாக்கு அவ்வாறு இட்டதுதான். இலத்தீனில் அது ‘ஸ்டாட்டுஸ்’. ஆகவே ‘எஸ்டேட்டில் இருக்கிற இஸ்கூல்’ என்று ஒருவர் சொன்னால், முதற்சொல்லின் எகரத்தை நாகரிகம் என்றும் இரண்டாம் சொல்லின் இகரத்தை நாட்டுப்புறம் என்றும் பிரிப்பதற்கு மொழிநூலில் இடமில்லை. ஆங்கிலேயரும் கட்டுமரத்தைக் ‘கட்டமரான்’ என்றனர். சுருட்டைச் ‘செரூட்’ என்றனர். மிளகுத்தண்ணீரை ‘முல்லிகட்டானி’ என்று தம் அகராதியில் ஏற்றினர். மலாய்க்காரரின் நாவில் நம் கடை ‘கெடாய்’ ஆகவும், மாம்பழம் ‘மெம்பெலாம்’ ஆகவும் வழங்குகின்றன. ஜெராம் கடைத்தெருவில் ‘கெடாய்’ என்னும் சொல்லைக் கேட்டு எந்தத் தமிழரும் நகைத்ததில்லை. ‘கோல சிலாங்கூர்’ என்று நாம் எழுதுவதும் ஆற்றின் கழிமுகத்தைக் குறிக்கும் ‘குவாலா’ நம் நாவுக்கேற்ப உருமாறியதுதானே! அதே மாவட்டத்தில் ‘கோல்பீல்டு’ என்னும் தோட்டமும் உண்டு. முன்னதில் கழிமுகம், பின்னதில் நிலக்கரி. இரண்டையும் கோலாகவே பிடித்துக்கொண்டது தமிழ்.

தமிழருக்குள்ளேயே இவ்வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதைத் தோட்டத்து அலுவலகம் நன்கு காட்டியது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் காட்டில் உழைத்தனர். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் பெரும்பாலும் மேசைக்குப் பின்னே அமர்ந்தனர். ஆங்கிலத்தில் ‘டிக்கெட்’ என்னும் சொல்லின் வல்லொலி, நாநுனி பல்லின் அண்பகுதியைத் தொடப் பிறப்பது. தமிழகத்தார் செவிக்கு அது டகரமாகக் கேட்டது, ‘டிக்கெட்டு’ என்றனர். யாழ்ப்பாணத்தார் ‘வெற்றி’, ‘காற்று’ என்னும் சொற்களில் றகரத்தைப் பழைய வல்லொலியாகவே இன்றும் பேணுபவர்கள். ஆங்கில ஒலி அந்த றகரத்துக்கு மிக அருகில் இருக்கக் கண்டு ‘ரிக்கற்’ என்று எழுதினர். மலையாளிகளும் இறுதியொலியைத் தம் றகர இரட்டையால் எழுதுகின்றனர். தமிழகத்தார் ‘லாரி’ என, யாழ்ப்பாணத்தார் ‘லொறி’ என, மலாய்க் காற்றில் வளர்ந்தவர் ‘லோரி’ என்றனர். தமிழகத்தில் ‘காப்பி’ ஆனது ஈழத்திலும் மலாய்நாட்டிலும் ‘கோப்பி’ ஆயிற்று. ஒரே ஆங்கிலச் சொல்லை மூவர் மூவகையாய்க் கேட்டனர். மூவரும் தத்தம் தாய்மொழியின் ஒலிக்கட்டுக்கு உண்மையாகவே இருந்தனர். ஆயினும் மேசைக்குப் பின்னிருந்தவரின் திரிபு ஆங்கிலமாகவும், மேசைக்கு முன்னே நின்றவரின் திரிபு அறியாமையாகவும் கொள்ளப்பட்டன. இங்கே வேறுபட்டது ஒலியன்று; நாற்காலியே.

துரைமாரின் நிலை இதனினும் தெளிவானது. தோட்ட நிருவாகத்துக்கு வந்த ஐரோப்பியர் தமிழ் கற்கவேண்டியிருந்தது. 1919இல் அமைந்த தோட்ட நிருவாகிகள் சங்கம் அவர்களுக்கு மொழித்தேர்வுகள் நடத்திற்று. ‘கூலித் தமிழ்’ என்னும் பெயரிலேயே அவர்களுக்கெனக் கையேடும் உண்டு. ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாய்க் குழைந்த, ‘நீ’ என்பதன்றி வேறு முன்னிலை அறியாத தமிழ் அது. அத்தமிழைப் பேசிய துரையைத் தொழிலாளர் ‘நம் துரை தமிழ் பேசுகிறார்’ என்று பெருமையோடு சொல்லினர். தொழிலாளி தன் ஆங்கிலத்தை அவர்முன் சொல்லத் துணிந்தால் அதற்கு அத்தகைய பெருமை கிட்டவில்லை. பிறன்மொழியைத் திரித்துப் பேசுவது ஒருவர்க்குத் திறமையும் மற்றொருவர்க்குக் குறையும் ஆவது எந்த நீதியின்பாற்பட்டது?

ஈண்டு ஒரு சுவையான செய்தியும் உண்டு. மலாயாவுக்கு வந்த துரைமாருட் பலர் ஸ்காட்லாந்தினர். அவர்களுடைய நாட்டில் 1761ஆம் ஆண்டிலேயே எடின்பரோ நகரத்துக் கற்றோர், இலண்டன் உச்சரிப்பைக் கற்பிக்கும் சொற்பொழிவுகளைக் கூடிக் கேட்டனர். கற்பித்தவர் தாமஸ் ஷெரிடன் என்பவர், அவரோ அயர்லாந்துக்காரர்! ஸ்காட்லாந்தினரின் அழுத்தமான ரகரம் இலண்டனில் நகைப்புக்கு இடமாயிருந்தது. ‘கார்’, ‘டாக்டர்’ என்னும் சொற்களின் இறுதி ரகரத்தை இலண்டனார் விழுங்கிவிடுவர், ஸ்காட்லாந்தினர் ஒலிப்பர், தமிழரும் ஒலிப்பர். துரையும் தொழிலாளியும் ஒத்துநின்ற இடங்கள் தோட்டத்தில் மிகச் சில; இந்த ரகரம் அவற்றுள் ஒன்று.

நகைப்போடு நின்றால் இதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்பாரும் உளர். ஆனால் உச்சரிப்பு உயிரைக் குடித்த வரலாறும் உண்டு. விவிலியத்தின் நீதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் ஆற்றுத் துறையில் ‘ஷிபோலேத்’ என்னும் சொல்லைச் சொல்லச்செய்து, ‘சிபோலேத்’ என்று சொன்னவர்களை வெட்டிய செய்தி வருகிறது. வீழ்ந்தவர் தொகை 42,000 என்று அந்நூல் கூறுகிறது. அது பழங்கதை எனலாம். 1983 ஜூலையில் கொழும்பில் நிகழ்ந்ததைப் பழங்கதை என்று தள்ள இயலாது. வழிமறித்த கும்பல்கள் வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்னும் சிங்களச் சொல்லைச் சொல்லும்படி கேட்டதாகக் குறிப்புகள் உள்ளன. தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் வல்லொலியாகவே நிற்கும். சிங்களத்தில் அச்சொல்லின் முதலொலி மெலிந்து அதிரும். அந்த அதிர்வு வாராதவர் தமிழரென்று அறியப்பட்டார். போர்த்துக்கீசியரின் ‘பால்டே’ என்னும் சொல்லே சிங்களத்தில் அவ்வாறாயிற்று. மலாய்மொழியிலும் ‘பால்டி’ என வழங்குகிறது. கோல சிலாங்கூர்த் தோட்டத்தில் தமிழன் தோளில் தொங்கிய அதே எளிய பொருளின் பெயர், கடலுக்கு அப்பால் அவன் உறவினனின் கழுத்துக்குக் கத்தியாயிற்று. வகுப்பறைச் சிரிப்பும் கொலைவெறியும் ஒன்றென்பது மிகை. எனினும் நாவைக் கேட்டு ஆளை எடைபோடும் பழக்கம் இரண்டிற்கும் பொது.

அவ்வாறாயின் ஆசிரியர் உச்சரிப்பைத் திருத்தாமலே விட்டுவிடலாமா? இங்கேதான் வினா கடினமாகிறது. ‘நம் நாவு நமக்கு, எப்படிச் சொன்னால் என்ன’ என்பது கேட்பதற்கு வீரமாக இருக்கும், அதன் விலையைக் கொடுப்பவன் மாணவனே. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுப் பட்டணத்து இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் அமரும் சிறுவனுக்குக் ‘கோட்’ என்றால் மேலங்கியா வெள்ளாடா என்று செவி பிரித்தறியாவிட்டால், சொல்வதெழுதலில் மதிப்பெண் இழப்பான். நேர்காணலில் தன் ஊர்ப்பெயரை மும்முறை சொல்ல நேர்ந்தால் நான்காம் முறை அவன் வாய் திறவான். தன் பிள்ளையை ஆங்கில வகுப்புக்கு அனுப்பிவிட்டுப் பிறர் பிள்ளைக்குத் தாய்மொழி ஒலியின் பெருமையை மட்டும் எடுத்துரைக்கும் கற்றவர்களும் நம்மிடையே இல்லாமல் இல்லை.

மற்றொரு பக்கம், திருத்தும் ஆசிரியர் அறியாமலே ஒரு தீமையைச் செய்கிறார். பிள்ளையின் சொல்லைத் தவறென்னும்போது, அச்சொல்லை அவனுக்குத் தந்த தாயையும் தந்தையையும் தவறென்கிறார். அன்று மாலை வீடு திரும்பும் பிள்ளை, தந்தை ‘ஆப்பீசு’ என்றவுடன் தலைகுனிகிறான். கல்வி அவனுக்கு ஓர் ஒலியைக் கொடுத்து ஓர் உறவைக் குறைத்துவிட்டது.

இவ்விரண்டுக்கும் இடையே வழி உண்டா? உண்டெனில் அது திருத்தலை விட விளக்குதலில் இருக்கலாம். மேற்பல் கீழுதட்டைத் தொட மூச்சை விட்டால் ‘ஆஃபீஸ்’ ஒலி பிறக்கும். நம் பகரத்துக்கு இரண்டு உதடுகளும் சேரவேண்டும். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் ஓர் ஒலிக்கு அதிர்வு உண்டு, மற்றதற்கு இல்லை. தமிழில் அந்த அதிர்வு சொல்லின் இடத்தைப் பொறுத்துத் தானே வரும். ஆங்கிலத்தில் அது பொருளையே மாற்றும். இவ்வேறுபாட்டைக் கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். பிறப்பியலைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இது தெரியாத கலையன்று. ஆங்கில ஆசிரியரை விட அவருக்கே இது எளிது. நாவின் நிலையைச் சொல்லிக் கற்பிக்கப்பட்ட மாணவன், தந்தையின் ஒலி எங்கே பிறக்கிறது என்பதையும் அறிவான். அறிந்தவனுக்கு நகைப்பு வருவது அரிது.

இன்று அத்தோட்டங்களுட் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறினர். அங்கே பேரனிடம் பழங்கதை பேசும் மூதாட்டி ‘பெரட்டுக்கு நேரமாச்சுன்னு ஓடுவோம் ஐயா’ என்கிறாள். ஆங்கிலம் நன்கு கற்ற பேரன், ‘பெரட்டு இல்லை பாட்டி, பரேட்’ என்று அன்போடு திருத்துகிறான். அவன் சொல்லும் பரேட்டில் சீருடையும் கொடியும் பள்ளித்திடலும் உள்ளன. அவளுடைய பெரட்டில் இருள் பிரியாத வானமும், தூங்கும் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவந்த கையின் வெறுமையும், பெயர் வாசிக்கையில் ஒருகணம் தாமதித்தால் போய்விடும் அரைநாட் கூலியும் உள்ளன. இரண்டும் ஒரே சொல்லென்று அகராதி கூறும்.