பின்னணியும் பொறுப்பும்

பொதுப் பொறுப்பில் ஒருவரை அமர்த்தும்போது அவரிடம் நாம் எதைப் பார்க்க வேண்டும்? குலத்தையா, செல்வத்தையா, கல்வியையா, முன்பு செய்த தொழிலையா? பழமையான வினாவே இது. எனினும் ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாக வந்து நம்முன் நிற்கிறது. தொலைவிலுள்ள ஒரு நாட்டின் சிறு பதவியொன்றை எடுத்துக்கொண்டு இதனைச் சிந்திப்போம். நம் ஊர் உறவும் பகையும் குறுக்கிடாத இடத்தில் நியாயத்தை எடைபோடுவது எளிது.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் 'கவுண்டி' எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவை மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுட் பலவற்றை மூவரோ ஐவரோ கொண்ட குழு நிர்வகிக்கிறது. அவர்களுக்குக் கவுண்டி கமிஷனர்கள் என்று பெயர். கமிஷனர் என்றதும் அரசாங்கம் நியமிக்கும் அதிகாரியே நம் நினைவுக்கு வருவார். அங்கோ அவர் மக்களின் வாக்கினால் வருகிறவர். சொத்து வரி விதிப்பதும், வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும், சாலையும் பாலமும் அமைப்பதும், சிறைச்சாலைக்கும் சுகாதாரத்துக்கும் பணம் ஒதுக்குவதும் இவர்தம் பணிகள். விதி வகுக்கும் கையும் அதனை நடத்தும் கையும் பல கவுண்டிகளில் ஒன்றே.

டெக்சாஸ் மாநிலத்து லவிங் கவுண்டியில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தவர் 64 பேர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலோ ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். முன்னதை நிர்வகிப்போரும் ஐவர். பின்னதற்கும் நெடுங்காலமாக ஐவரே. அந்த எண்ணிக்கையை ஒன்பதாக உயர்த்த 2024இல்தான் வாக்காளர் இசைந்தனர்.

இப்பதவிக்கு வருகிறவர்கள் உழவர்கள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற படைவீரர்கள் எனப் பலதிறப்பட்டவர்கள். பட்டம் பெற்றிருக்க வேண்டுமென்பது பொதுவான விதியன்று. அவ்விடத்தில் வசிக்கும் வாக்காளராக இருத்தல் வேண்டும் என்பதே பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுவது. முன்னோர் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை. நியூ ஜெர்சி மாநிலத்தில் இப்பொறுப்பினரைச் சொந்த நிலமுடையோர் என்னும் பொருள்படும் 'ஃப்ரீஹோல்டர்' என்ற பெயரால் அழைத்து வந்தனர். நிலமுள்ளவனே நம்பத்தக்கவன் என்ற எண்ணத்தில் பிறந்த பெயர் அது. 2020இல் இயற்றப்பட்ட சட்டம், 2021 தொடக்கத்திலிருந்து அதனைக் கமிஷனர் என்று மாற்றியது.

நிலமுடைமை நேர்மைக்குச் சான்றாகுமா? இதற்கு விடை காண ஒருவரின் வரலாறு உதவும். அவர் ஹாரி ட்ரூமன். ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வீசப்பட்டபோது அமெரிக்க அதிபராய் இருந்தவர், 1948இல் இஸ்ரேலை அங்கீகரித்தவர் என்றே நம்மவர் அவரை அறிவர். அவரைப் புகழ்வது நம் நோக்கமன்று. அந்தப் பெருங்கணக்கு வேறு. இங்கே நாம் புரட்டுவது அதற்கு முந்தைய ஒரு சிறு கணக்கேடு.

உழவுத் தொழிலில் இருந்த அவர், முதல் உலகப் போரில் பீரங்கிப் படைத் தலைவராகப் பணியாற்றித் திரும்பினார். 1919இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து கான்சாஸ் நகரில் ஆடவர்க்கான ஆடையணிக் கடை திறந்தார். 1922இல் கடை முடங்கியது. திவால் மனுக் கொடுத்துக் கடனை உதறிவிடச் சட்டம் இடம் தந்தது. அவர் அதனை நாடவில்லை. பல ஆண்டுகள் அக்கடன்களைச் சுமந்தார்.

அவ்வாறு நொடித்துப்போன ஆண்டிலேயே ஜாக்சன் கவுண்டியின் மூவர் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மிசௌரி மாநிலத்தில் அந்நாளில் இப்பதவிக்கு 'நீதிபதி' என்று பெயர். செய்ததோ கமிஷனர் வேலை. 1924இல் தோற்றார். 1926இல் அக்குழுவின் தலைமைப் பதவிக்கு வென்று எட்டாண்டுகள் பணியாற்றினார். அவரைத் தாங்கி நின்றது, பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் தரகரின் செல்வாக்கு. அந்தத் தரகர் வருமான வரி ஏய்ப்புக்காக 1939இல் சிறைத் தண்டனை பெற்றார்.

1928இல் சாலைகளுக்கென 65 லட்சம் டாலர் கடன் திரட்ட மக்கள் வாக்களித்தனர். தரகரின் வேண்டியவர்கள் ஒப்பந்தங்களுக்குக் கை நீட்டினர். ட்ரூமன் இணங்கவில்லை, குறைந்த விலை கேட்டவர்க்கே வேலை கொடுத்தார். சாலைகள் நல்ல முறையில் அமைந்தன.

ஆயினும் 1930களின் தொடக்கத்தில், ஒரு விடுதி அறையில் தனித்திருந்து அவர் எழுதி வைத்த குறிப்புகள் பிற்காலத்தில் வெளிவந்தன. சாலைப் பணம் பத்து லட்சமோ அதற்கு மேலோ கொள்ளை போகாமல் காக்கும் பொருட்டு, தரகரின் ஆள் ஒருவன் கவுண்டியின் பொது வருவாயிலிருந்து சுமார் 10,000 டாலரைத் திருடுவதைத் தாம் விட்டுவிட நேர்ந்தது என்று அவற்றில் ஒப்புக்கொள்கிறார். தாம் செய்தது சரிதானா, அல்லது குற்றத்திற்கு உடந்தையானோமா என்று தம்மையே கேட்கிறார். தமக்குத் தெரியவில்லை என்று முடிக்கிறார்.

இரு தீங்குகள் எதிர்ப்படின் சிறியதை ஏற்றுப் பெரியதைத் தடுக்கலாம் என்ற விதியை ஃபிக்ஹு கற்றோர் அறிவர். அதைக் காட்டி ட்ரூமனை விடுவித்துவிடலாம் என்று சிலர் கருதக்கூடும். ஆனால் அவ்விதி வேறு வழியற்றவனுக்கு உரியது. அவருக்கு வழியே இல்லையா? பதவியை விட்டு விலகியிருந்தால் அவ்விடத்தில் அவரினும் மோசமானவர் வந்திருக்கலாம் என்பது உண்மையே. எனினும் இன்னொரு வழி இருந்தது. திருட்டைப் பணத்துக்கு உரியவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்.

அமானிதம் என்று நாம் வழங்கும் சொல், அச்சமின்மையைக் குறிக்கும் 'அம்ன்' என்ற அரபு மூலத்திலிருந்து வருவது. பொருளை ஒப்படைத்தவன் அச்சமின்றி உறங்க வேண்டும், அதுவே அமானிதம். தம் கடையின் கடனில் ட்ரூமன் கண்டிப்பாக இருந்தார். அக்கடனையோ, கொடுத்தவரிடம் சென்று மன்னிக்கும்படி கேட்க இயலும். அந்தப் பத்தாயிரம் டாலர் வரி செலுத்திய பல்லாயிரவர் உடைமை. அவர்களுள் ஒவ்வொருவரிடமும் சென்று மன்னிப்புக் கேட்க எவரால் இயலும்? தமக்குரியதை விட்டுக்கொடுப்பவன் வள்ளல்; பிறர்க்குரியதை விட்டுக்கொடுப்பவனை அவ்வாறு அழைக்கலாகாது. விடுதித் தாளில் மறைவாக எழுதிய ஒப்புதலை மக்கள் மன்றத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பதே நம் துணிபு. மனச்சான்றின் முன் கணக்குக் காட்டுவது நன்று. ஆனால் பொருளுடையோர் முன் காட்டும் கணக்கிற்கு அது ஈடாகாது.

எனவே, பின்னணி நமக்குச் சொல்வது சிறிதே. நிலமுடையோர் என்ற பழைய அளவுகோல் இந்த நொடித்த கடைக்காரரைத் தள்ளியிருக்கும். தரமான சாலைகளும் அவரோடு போயிருக்கும். அவருடைய நாணயத்தை மட்டும் பார்த்து நம்பியவர்களோ அந்தப் பத்தாயிரத்தை அறியாமலே இருந்தனர். இருசாராரும் கேளாது விட்ட கேள்வி ஒன்றுண்டு: இவர் நமக்குக் கணக்குக் காட்டுவாரா?

இன்று அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும், இத்தகைய குழுக்கள் பொதுமக்கள் காணக் கூட வேண்டும் என்ற சட்டங்கள் உள்ளன. கதவு திறந்திருப்பது வேறு. உள்ளே சென்று அமர்ந்து கேட்பது வேறு. வாக்களித்த அன்றோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஒப்படைத்த பொருளைப் பற்றிக் கேளாதிருப்பதும், காப்பவனைத் தவறு செய்யத் தூண்டும் ஒரு செயலேயாகும். எந்நாட்டு வாக்காளருக்கும் இது பொருந்தும்; நமக்கும் பொருந்தும்.