எந்த ஊர்ப் பிறை?



சென்ற வாரம் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் நம் கூடத்தில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டுக்கொண்டார்கள். நான் பேசியது வானத்தைப் பற்றி. கடைக்காரனுக்கு வானம் எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். மழை இருட்டினால் ஐந்தடியில் பரப்பிய சரக்கை உள்ளே இழுப்பதற்கு மட்டும்தானா நாம் அண்ணாந்து பார்க்க வேண்டும்?

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வருஷந்தோறும் எங்கள் கடையில் றமலான் நேர அட்டவணை அச்சிட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பது வழக்கம். என் மருமகனுக்கு வானத்தைப் படம் பிடிப்பதில் பைத்தியம். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் சாப்பாட்டை விட்டுவிட்டு மாடிக்கு ஓடுவான். அட்டவணைக்கு என்று பிறைப்படம் ஒன்று எடுத்துக் கொடுத்தான். மினாராவுக்கு மேலே பிறை ஒரு நகக்கீற்றாகக் கிடந்தது. எனக்குத் திருப்தியில்லை. "தம்பி, பிறை பெரிதாக இருக்கட்டும்; நடுவிலே ஒரு நட்சத்திரமும் இருக்கட்டும்" என்றேன். "மாமா, வானத்தில் அப்படி இல்லையே" என்றான். "அச்சகத்தில் ஒட்டிக் கொடுப்பார்கள், நீ சும்மா இரு" என்று அடக்கிவிட்டேன். 500 பிரதிகள் போய்விட்டன. எல்லாரும் மெச்சினார்கள்.

பத்து நாள் கழித்து, கடைக்கு வழக்கமாக வரும் மலாய் மீனவப் பெரியவர் ஒருவர், பாக் ஹாஜி என்று நாங்கள் அழைப்பது, அதைச் சுவரில் பார்த்துவிட்டு நெடுநேரம் நின்றார். "நம் கடலில் பிறை படகுபோல் மல்லாந்து கிடக்கும். இது நெட்டுக்குத்தாய் நிற்கிறதே, எந்த ஊர்ப் பிறை?" என்றார். பிறகு, "அதன் வயிற்றில் நட்சத்திரம் தெரிகிறதே, நிலாவில் ஓட்டை விழுந்துவிட்டதா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது அத்தனையும் சரி. பிறையின் ஒளிபட்ட பக்கம் எப்போதும் சூரியனை நோக்கியே இருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் நாட்டில் சூரியன் ஏறக்குறைய நேர்கீழாக இறங்குவதால், மாலைப் பிறையின் ஒளி அடிப்பக்கத்தில் விழ, இரு கொம்புகளும் மேலே பார்க்கும். அது நிமிர்ந்து நிற்பதெல்லாம் வட தேசங்களில். கொம்புகளுக்கு நடுவே இருப்பதும் வெற்று வானமன்று. நிலாவின் இருண்ட உடலே அங்கிருக்கிறது. அதன் ஊடே எந்த நட்சத்திரம் தெரியும்? அளவும் அப்படித்தான். கையை நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்துங்கள். முழு நிலாவும் அதன் பாதி அகலத்தில் அடங்கிவிடும், அரைப் பாகைதான்.

"படம்தானே, அழகுக்காகச் செய்தது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள எனக்கும் தெரியும். ஆனால் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே தெரியும்படி வைக்கக்கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட செய்தியை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? அவன் ஈரத்தை மறைத்தான். நான் இல்லாததை ஒட்டினேன். அதுவும் எதன்மேல்? நோன்பையும் பெருநாளையும் எதைக் கண்ட சாட்சியத்தால் தொடங்குகிறோமோ, அந்தப் பிறையின்மேல்! பிறை கண்டேன் என்று வருகிறவனிடம், எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், கொம்பு எப்பக்கம் என்று விசாரிப்பார்களே, என் அட்டவணையைப் பார்த்துப் பழகிய பிள்ளை அங்கே என்ன பதில் சொல்வான்?

இதற்குப் பிறகுதான் மருமகன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். நிலாவற்ற ஓர் இரவில் அவனும் அவன் நண்பர்களும் என்னை ஜொகூர் மெர்சிங் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நம் கடைவிளக்குகளே வானத்தை விழுங்கிவிடுகின்றன. அங்கே கிழக்கே கடலும் இருட்டும்தான். முக்காலியில் காமிராவை நிறுத்தி, அகன்ற வில்லையை முழுவதும் திறந்து, ஒரு படத்துக்கு 20 வினாடி வீதம் எடுத்தார்கள். பனி படிந்து வில்லை மங்கினால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொசு வேறு.

ஐந்து மணிக்கு மேல், கீழ்வானில் கூம்புபோல் மங்கலான ஒரு வெளிச்சம் உயர எழுந்து நின்றது. விடிந்துவிட்டது என்று நான் பாங்கு சொல்ல எழுந்தேவிட்டேன். "இல்லை மாமா, இதுதான் சுப்ஹு காதிப்" என்றான். கிதாபுகளில் ஓநாயின் வாலுக்கு உவமை சொல்லப்பட்ட பொய் வைகறையை என் வயதில் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். கிரகங்கள் சுற்றும் தளத்தில் பரவியிருக்கும் நுண்ணிய தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதால் உண்டாவது அது. நம் காற்றுமண்டலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது மேல்நோக்கி நீளுமே தவிர அடிவானத்தில் விரியாது. ஆறு மணியை நெருங்குகையில், கடலை ஒட்டி வடக்கும் தெற்குமாக ஒரு வெள்ளைக் கோடு படர்ந்தது. அதுவே சுப்ஹு சாதிக். வெள்ளை நூல், கறுப்பு நூல் என்று திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் வருவதைக் கேட்டு, அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் மெய்யாகவே இரண்டு கயிறுகளைத் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்ததும், அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதும் உங்களுக்குத் தெரியும். அந்த நூலைக் கண்ணால் கண்ட பின்புதான் அச்செய்தி எனக்கு உறைத்தது.

இதில் வேறொரு நுட்பம் உண்டு. நிறைகோல் பிடித்தவர்களுக்கு எளிதில் விளங்கும். கண் அந்தந்தக் கணத்து ஒளியைத்தான் பார்க்கிறது. காமிராவோ 20 வினாடி ஒளியைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாததும் படத்தில் பட்டப்பகலாகிவிடும். அவர்கள் இரவு முழுவதும் ஒரே அளவில் எடுத்தது ஏன் என்று அப்போது புரிந்தது. தட்டுக்குத் தட்டு படிக்கல்லை மாற்றினால் நிறுவை என்னாகும்? 2013 ஜூலை 8 அன்று, பிரான்சு நாட்டுத் தியரி லெகோ என்பவர், அமாவாசை நிகழும் அதே நிமிடத்தில், பகல் வானில் பிறையைப் படம் பிடித்துவிட்டார். சூரிய ஒளியை மறைத்து, கண்ணுக்கெட்டாத அகச்சிவப்பு ஒளியில் பிடித்த படம் அது. மலேசியாவில் நாம் முதல் நோன்பு பிடித்தது ஜூலை 10 அன்று. இயந்திரம் காண்பது வேறு, மனிதன் காண்பது வேறு.

ஆயினும் இயந்திரத்தைத் தள்ளிவிடவும் கூடாது. மலேசியாவில் முன்பு சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 பாகையில் இருப்பதைச் சுப்ஹு நேரமாகக் கணக்கிட்டு வந்தார்கள். வானத்தின் ஒளியை அளந்தும் படம் பிடித்தும் ஆராய்ந்த பின், 2019-ஆம் ஆண்டு இறுதியில் அது 18 பாகையாக்கப்பட்டது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிஷம். ஆகவே நேரம் சுமார் எட்டு நிமிஷம் தள்ளிப் போயிற்று. ஆயிரம் வருஷத்துக்கு முன் அல்பீரூனி சொன்னதும் அந்த 18-ஐத்தான்! அப்போது ஒரு பெரியவர் என்னிடம் கண்கலங்கக் கேட்டார்: "நான் இத்தனை வருஷம் தொழுததெல்லாம் வீணா?" இல்லை. அறிந்த உலமாக்கள் அறிவித்த நேரப்படி மனத்தூய்மையோடு தொழுதவரின் கூலி அல்லாஹ்விடம் வீணாகாது என்றே நம்புகிறேன். ஆனால் தவறு தெரிந்த பின்னும் பழைய கல்லையே தட்டில் போடுவது வேறு விஷயம்.

அதே 2019 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலும் ஜொகூரின் தென்முனையிலும் வளையச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அப்போது மர நிழலைக் கவனித்தவர்கள், இலைச் சந்துகள் வழியே தரையில் ஒளி வளையங்கள் விழுந்ததைக் கண்டிருப்பார்கள். சிறு துளை வழியே கிரகணத்தின் உருவம் விழுவதைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதியவர் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைத்தம். காமிராவின் வம்சாவளியைத் தேடினால் அவர் இருட்டறையையும் கடந்துதான் போக வேண்டும். அவர் வழிவந்த கமாலுத்தீன் பார்ஸி, கண்ணாடிக் குண்டில் நீர் நிரப்பி ஒளியைப் பாய்ச்சி, ஒரு மழைத்துளிக்குள் ஒளி இருமுறை வளைந்து ஒருமுறை திரும்புவதால் வானவில் பிறக்கிறது என்று கண்டார். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அது. இந்த ஆலிம்கள் வியந்ததோடு நிற்கவில்லை, சோதித்தும் பார்த்தார்கள்.

கிரகணம் என்றதும் மதீனாவின் ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் இறந்த அன்று சூரியன் மறைந்தது. அக்குழந்தைக்காகத்தான் வானமே இருண்டது என்று மக்கள் பேசினார்கள். நெஞ்சு வெந்திருந்த அந்நேரத்திலும், யாருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் சூரியசந்திரர் மறைவதில்லை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். தமக்கு மகிமை சேர்க்கும் ஒரு பேச்சை, உண்மையில்லை என்பதற்காகத் தள்ளிய உத்தமரின் உம்மத்தான நாம், மேகத்தில் எழுத்து தெரிவதாக ஒட்டுவேலை செய்த படத்தைக் கைபேசியில் கண்டதும், "சுப்ஹானல்லாஹ்" என்று நூறு பேருக்கு அனுப்புகிறோமே, இது எந்த ஊர் நியாயம்? உள்ளதை உள்ளபடி காட்டும் வட்டம் நம் தலைக்கு மேலேயே கட்டுகிறது. உயரத்து மேகங்களில் அறுகோணப் பனித்துகள்கள் ஒளியை வளைக்க, 22 பாகை தூரத்தில், அச்சுப்பிசகாமல், ஒவ்வொரு முறையும் அதே 22-இல் அது விழுகிறது. கையை நீட்டி ஒரு சாண் விரித்தால் ஏறக்குறைய அந்த அளவு. சூரியனை மினாராவுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எடு என்பது மருமகனின் உபதேசம். கண்ணுக்கும் அது நல்லது.

சரி, அட்டவணைக்கு வருகிறேன். கொடுத்த 500-ஐத் திருப்பி வாங்க முடியவில்லை. பிறையும் நட்சத்திரமும் ஒட்டப்பட்டவை என்று கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதித் தொங்கவிட்டேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர், இதையெல்லாமா எழுதி வைப்பார்கள் என்று கோபித்தார். அடுத்த றமலானுக்கு மருமகன் எடுத்த படத்தையே, கீழே இடமும் தேதியும் நேரமும் போட்டு, அப்படியே அச்சிட்டோம். பிறை எங்கே என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். விரல் வைத்துக் காட்டுகிறேன். பாக் ஹாஜி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, மகன் வீட்டுக்கும் சேர்த்து இரண்டு பிரதி கேட்டு வாங்கிப் போனார்.

வஸ்ஸலாம்.