கை தூக்கியவர் யார்?

பேஸ்பாலைக் கணினியில் ஆடுகிறவர்களின் லீக்குகளில் ஒவ்வொரு சீசன் முடிந்ததும் ஒரு வாக்குவாதம் கிளம்பும்: யாருடைய அணியில் யார் கொடுத்த காசுக்குத் தேறாதவர்? பெயர், வயது, சம்பளம், ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் வருடங்கள், போன சீசனில் அடித்த ஹோம்ரன்கள் என்று வரிசையாக எடுத்துவைத்து, கடைசியில் தீர்ப்பையும் எழுதிவிடுவார்கள்: 'தண்டச் சம்பளம்.' இந்த விளையாட்டில் எனக்கும் ஓர் அணி உண்டு. இத்தகைய தீர்ப்புகளைப் படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே போகிறது. கூண்டில் நிற்க வேண்டியவர் வேறு யாரோ.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1961இல் ஹால் ரிச்மன் என்ற அமெரிக்கர் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற ஆட்டத்தை விற்கத் தொடங்கினார். ஒவ்வொரு நிஜ ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. பகடை உருட்டி ஆட வேண்டும். இன்று அந்தப் பகடையைக் கணினி உருட்டுகிறது. 1980இல் பத்திரிகையாளர் டேனியல் ஓக்ரென்ட் நியூயார்க்கில் நண்பர்களோடு 'ரோட்டிசரி லீக்' என்ற இன்னொரு கிளையை ஆரம்பித்துவைத்தார். அதில் நிஜ மைதானத்துப் புள்ளிகளே கணக்கு. ஆட்டக்காரர்களை ஏலம் எடுக்க வேண்டும். இன்று வழக்கத்தில் இருக்கும் விதிப்படி ஒருவர் கையில் 260 டாலர். அதற்குள் 23 பேர். ஐபிஎல் ஏலம் பார்த்த நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இந்த ஏலக் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. பன்னிரண்டு பேர் கொண்ட லீக்கில் மொத்தப் பணம் 3,120 டாலர். பல லீக்குகளில், போன வருடம் மலிவாகக் கிடைத்தவரை அதே விலைக்கு இந்த வருடமும் வைத்துக்கொள்ளலாம். 1,200 டாலர் பெறுமானமுள்ள ஆட்களை எல்லோருமாகச் சேர்ந்து 800 டாலருக்கு வைத்துக்கொண்டார்கள் என்று வையுங்கள். ஏலத்துக்கு வருகிற மற்றவர்களின் பெறுமானம் 1,920தான். அவர்களைத் துரத்தும் பணமோ 2,320. முப்பது டாலர் ஆள் முப்பத்தாறுக்குப் போவார். அந்த ஆறு டாலரை அவரா கேட்டார்? நம் அலமாரியில் மலிவாகப் பூட்டிவைத்திருக்கும் ஆட்களுக்கான பணம்தான் அவர் தலையில் வந்து விடிகிறது. இருந்தும் சீசன் முடிவில் 'முப்பத்தாறு டாலர் வாங்கிக்கொண்டு இவ்வளவுதானா?' என்று அவரைத்தான் கேட்கிறோம்.

ஏலத்துக்கே உரிய இன்னொரு குணமும் உண்டு. அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர், கேப்பன், கிளாப், கேம்ப்பெல், 1971இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்ப் பரப்புகளை ஏலத்தில் வென்ற நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்று ஆராய்ந்த கட்டுரை. கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆளுக்கொரு மதிப்புப் போடுகிறார்கள். வெல்பவர், எல்லோரையும்விட அதிகமாக மதிப்புப் போட்டவர். பெரும்பாலும் அவர்தான் உண்மையிலிருந்து மிக மேலே பறந்தவராகவும் இருப்பார். பேஸ்பால் ஏலத்திலும் இதே கதை. ஓர் ஆட்டக்காரருக்கு அதிக விலை கிடைத்தது என்றால், அவர் மீது அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்த ஒருவர் அந்த அறையில் இருந்தார் என்று பொருள்.

நிஜ பேஸ்பாலுக்கு வருவோம். ஆல்பர்ட் புஹோல்ஸ் 2001இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் அறிமுகமானார். அந்த வருடச் சம்பளம் 2 லட்சம் டாலர், விதிப்படி அணிகள் கொடுத்தே தீர வேண்டிய குறைந்தபட்சத் தொகை. அவர் அடித்தது 37 ஹோம்ரன். சிறந்த புதுமுகம் என்ற பட்டமும் வாங்கினார். அந்தக் கூலி போதாது என்று கார்டினல்ஸ் ரசிகர் யாரும் தெருவுக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பதினொரு சீசன்களில் அந்த அணிக்காக 445 ஹோம்ரன். பிறகு 2011 டிசம்பரில், 31 வயதில், ஏஞ்சல்ஸ் அணி பத்து வருடத்துக்கு 24 கோடி டாலர் கொடுத்து அவரை எடுத்தது. சறுக்கல் அங்கே தொடங்கியது. பழைய அணியில் .328ஆக இருந்த பேட்டிங் சராசரி புதிய அணியில் .256 அளவுக்கு இறங்கியது. பாதத்திலும் முழங்காலிலும் தொல்லை. கற்பனை லீக்குகளின் 'தண்டச் சம்பளப்' பட்டியல்களில் அவர் பெயர் வருடா வருடம் இடம்பிடித்தது. 2021 மேயில் ஏஞ்சல்ஸ் அவரை விடுவித்தது. மறு வருடம் பழைய கார்டினல்ஸுக்கே 25 லட்சம் டாலருக்குத் திரும்பி, 42 வயதில் 24 ஹோம்ரன் அடித்து, வாழ்நாள் கணக்கில் 700ஐத் தாண்டினார்.

அவர் கடைசியில் தன்னை நிரூபித்துக்காட்டினார் என்று இதைப் படிக்க வேண்டாம். ஏஞ்சல்ஸ் செய்தது மோசமான வியாபாரம், சந்தேகமே இல்லை. நான் பார்ப்பது வேறொன்றை. 2 லட்சத்துக்கும் 24 கோடிக்கும் 25 லட்சத்துக்கும் இடையில் மாறியது வயதும் உடம்பும் கொஞ்சம். மற்றதெல்லாம் ஒப்பந்த விதிகள். அமெரிக்க பேஸ்பாலில் ஓர் ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போக ஆறு வருடச் சேவை வேண்டும். முதல் சில வருடங்கள் அணி சொல்வதே கூலி. நல்ல வயதில் குறைத்துக் கொடுத்து, தளரும் வயதில் வேறொருவர் கூட்டிக் கொடுக்கும் ஏற்பாடு அது. அதில் நாம் பின்பாதியை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு கத்துகிறோம்.

எங்கள் லீக்கிலும் இதே ஒருதலை வழக்குதான். மலிவாக எடுத்தவர் நன்றாக ஆடினால் அது எடுத்தவரின் சாமர்த்தியம். விலை அதிகமானவர் சொதப்பினால் அது ஆட்டக்காரரின் சோம்பேறித்தனம்.

இதில் வேடிக்கை, சொதப்புகிறவரை உட்காரவைக்கவும் மனம் வராது. கொடுத்த காசு கண்ணை உறுத்தும். பேரி ஸ்டா, ஹா ஹோவாங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் அமெரிக்கக் கூடைப்பந்தை வைத்து இதைக் காட்டினார்கள்: தேர்வு வரிசையில் முன்னால் எடுக்கப்பட்டவருக்கு, ஆட்டத்திறன் சமமாக இருந்தாலும், கூடுதல் நேரம் ஆடக் கிடைக்கிறது, அணியிலும் அவர் நீண்ட காலம் நீடிக்கிறார். போட்ட முதலுக்குக் காவல் நிற்பது என்று இதைச் சொல்லலாம். அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சீசன் முடிந்ததும் சம்பளப் பத்தியை மறைத்துவிட்டுப் பட்டியலைப் படிப்பேன். யார் வேண்டும், யார் வேண்டாம் என்று குறித்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பத்தியைத் திறப்பேன். கோபம் பாதியாகக் குறைந்துவிடும். மீதிப் பாதி விலை பேசியவர் மீது, அதாவது என் மீதே, வந்து நிற்கும். அது இருக்க வேண்டிய இடம் அதுதான்.

கணினிக்குள் இருப்பவருக்குக் காது இல்லையே, திட்டினால்தான் என்ன என்று கேட்கலாம். அவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நாக்கு பழகிவிடுகிறதே. நன்கொடை கொடுத்து, பிள்ளை கேட்காத படிப்பில் சேர்த்துவிட்டு, 'உனக்கு எவ்வளவு கொட்டியிருக்கிறோம் தெரியுமா?' என்று இருபது வருடம் கழித்தும் கணக்குக் காட்டும் வீடுகள் நம்மிடம் குறைவா? விலை பேசும்போது பிள்ளை அந்த அறையில்கூட இருந்திருக்காது.

பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸுக்கு நல்ல காது இருந்தது. 2013இல் 53, 2015இல் 47 ஹோம்ரன் அடித்தவர். இரண்டு வருடமும் அவரே முதலிடம். அதைப் பார்த்து அணி ஏழு வருடத்துக்கு 16.1 கோடி டாலர் கொடுத்தது. வாங்கியது வரப்போகும் வருடங்களை. விலை போட்டதோ போன வருடங்களுக்கு. 2018இல் அவர் சராசரி .168. அடுத்த சீசனின் தொடக்கம் வரை தொடர்ந்து 54 முறை அடி கிடைக்காமல் திரும்பினார். சொந்த மைதானத்திலேயே கூச்சல் போட்டார்கள். 2021இல் ஓய்வு பெற்றார். தள்ளிவைக்கப்பட்ட சம்பளம் 2037 வரை தவணையாக அவருக்குப் போய்ச் சேரும். கேட்டது அவர், ஒப்புக்கொண்டது அணி, கையெழுத்து இரு தரப்புடையது. அந்தத் தவணையை வாங்க அவர் வெட்கப்பட வேண்டியதில்லை.